துப்பாக்கி போனது, பழி போகவில்லை

பெரியவரின் கையில் துப்பாக்கி இல்லை. ஆள் உயர மூங்கில் கம்பு ஒன்றுதான் இருந்தது. அதைத் தரையில் ஊன்றி, மேல் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு, "இதுதான் வாய்னு வெச்சுக்க சாமி" என்றார். பிறகு வலது கையால் இல்லாத மருந்தைக் கொட்டினார். இல்லாத தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்தார். இல்லாத இரும்புக் கம்பியால் இடித்தார். ரவையைப் போட்டார். மறுபடியும் நார், மறுபடியும் இடி. கம்பைத் தூக்கித் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினார். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நம் மாவட்டத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு நரிக்குறவர் குடியிருப்பு அது. அந்தப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வயதைக் கேட்டால், "மூணு பஞ்சம் பார்த்தவன்" என்கிறார். அவருடைய அப்பா பயன்படுத்திய நாட்டுத் துப்பாக்கியை, பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "கொடுத்துட்டா வம்பு விட்டுரும்னு நெனச்சேன். துப்பாக்கி போச்சு. வம்பு போகல" என்றார்.

பட்டியலின மக்களைப் பற்றிப் பேசும் இந்தப் பக்கத்தில் நரிக்குறவர்களின் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கலாம். டீக்கடையில் தனி டம்ளர், பேருந்தில் பக்கத்தில் உட்கார மறுப்பு, கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுதல் ஆகியவை சேரிக்கும் நரிக்குறவர் குடியிருப்புக்கும் பொதுவானவை. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் சீட்டு வைத்திருந்தும் நரிக்குறவர் குடும்பம் வாசலில் நிறுத்தப்பட்ட காட்சியை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். சட்டத்தின் அட்டவணையில் பெயர் எந்தப் பட்டியலில் இருந்தாலும், ஊரின் அட்டவணையில் இருவருக்கும் இடம் ஒன்றுதான். ஆகவே இது நம் கதையும்தான்.

வாய்வழி நிரப்பும் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்று நாம் சொல்வது வாய் வழியாக மருந்து நிரப்பிச் சுடும் துப்பாக்கியை. காவல்துறைப் பதிவேட்டில் இதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர், ஒற்றைக் குழல், வாய்வழி நிரப்புவது என்று பொருள். இன்றைய துப்பாக்கியில் மருந்தும் குண்டும் ஒரே தோட்டாவுக்குள் அடங்கி, பின்பக்கமாக நுழைகின்றன. இதில் மருந்து தனி, ரவை தனி. இரண்டையும் குழலின் வாய் வழியாகத்தான் இறக்க வேண்டும்.

இதன் மூத்த வடிவம் திரித்துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த கயிற்றுத் திரி ஒன்று துப்பாக்கியின் பக்கவாட்டில் புகைந்துகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் திரியின் நெருப்பு முனை கீழிறங்கி, சிறு கிண்ணத்தில் இருக்கும் பற்று மருந்தைத் தொடும். அங்கு பற்றிய தீ ஒரு சிறு துளை வழியாகக் குழலுக்குள் போய் மருந்தை வெடிக்கச் செய்யும். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் துருக்கியிலும் பரவிய இந்தக் கருவி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகக் கடலிலிருந்தும், துருக்கியர், மொகலாயர் வழியாக வடக்கிலிருந்தும் இந்தியாவுக்குள் பரவியது. 1526இல் பானிபட்டில் பாபரின் படையிடம் திரித்துப்பாக்கிகள் இருந்தன. 'துப்பாக்கி' என்ற சொல்லே துருக்கி மொழியிலிருந்து நமக்கு வந்ததுதான்.

ஐரோப்பியப் படைகள் 17ஆம் நூற்றாண்டின் முடிவில் திரியைக் கைவிட்டுச் சக்கிமுக்கிக் கல்லுக்கு மாறின. 19ஆம் நூற்றாண்டில், சுத்தி அடித்தால் வெடிக்கும் 'கேப்பு' வந்தது. ஆனால் இந்தியக் கிராமங்களில் திரித்துப்பாக்கி அதற்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்தது. காரணம் எளிது. கல் கிடைக்காத ஊரிலும் கயிறு கிடைக்கும். கொல்லன் பட்டறையிலேயே பழுதுபார்த்துக்கொள்ளலாம். பின்னாளில் நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிகளும் கேப்புக்கு மாறின. குழல், மருந்து, நார், இடிக்கும் கம்பி மட்டும் மாறவில்லை.

இந்தக் கருவி வேட்டையின் தன்மையையே தீர்மானித்தது. ஒரு முறை சுட்டால் அடுத்த முறை நிரப்ப நேரம் பிடிக்கும். அதற்குள் பறவை அடுத்த ஏரிக்குப் போய்விடும். மழையில் மருந்து நமுத்துப்போகும். தொலைவு போகப் போக ரவை சிதறிவிடும். ஆகவே நெருங்கிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். மாட்டுக்குப் பின்னால் மறைந்து மாட்டோடு மாடாக நடப்பது, கௌதாரியைப் போலக் குரல் கொடுத்து அதை வரவழைப்பது, மடையான் எந்த வரப்பில் எந்த நேரத்தில் இறங்கும் என்று அறிவது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நரியை அணுகுவது ஆகியவைதான் உண்மையான வேட்டை. துப்பாக்கி கடைசி நொடிக்கு மட்டும்தான். பல நாட்களில் அதுவும் தேவைப்படாது. வலையும் கண்ணியுமே போதும்.

"ஒரு நாளைக்கு ரெண்டு வெடி, மூணு வெடி. அதுக்கு மேல மருந்துக்குக் காசு ஏது?" என்று கேட்டார் பெரியவர். நான்கு காடை கிடைத்தால் இரண்டு வீட்டுக்கு, இரண்டு விலைக்கு. முயல் கிடைத்தால் அன்று திருவிழா. பெண்கள் பாசிமணியும் ஊசியும் விற்ற காசில் அரிசி வரும். வேட்டையில் குழம்பு வரும். இதுதான் அந்த வாழ்க்கையின் கணக்கு.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. மருந்து கூடினால் குழல் வெடிக்கும். பெரியவரின் அண்ணனுக்கு இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. இருட்டில் புதர் அசைந்ததைப் பன்றி என்று நினைத்துச் சுட்டு மனிதர் இறந்த செய்திகள் இன்றும் நாளிதழ்களில் வருகின்றன. நாம் இந்தத் துப்பாக்கியைப் புனிதப்படுத்த வரவில்லை. அது யார் கையில் இருந்தால் வீரம் என்றும், யார் கையில் இருந்தால் குற்றம் என்றும் பேசப்பட்டது என்பதுதான் நம் கேள்வி.

யாருடைய வேட்டை?

வேடந்தாங்கல் பறவைகளின் கதையை மாணவர்கள் பாடத்தில் படித்திருக்கலாம். அங்கு வந்து தங்கிய பறவைகளைச் சுட்டவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த ஊர் மக்கள் அதை எதிர்த்தார்கள். 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். விளையாட்டுக்காகச் சுட்டது அதிகாரம், காத்தது ஊர்.

அடுத்த நூற்றாண்டில் விளையாட்டு வேட்டை சட்டமாகவே ஆனது. நீலகிரியில் வெள்ளையர்கள் 1877இல் வேட்டைச் சங்கம் அமைத்தார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரில் பாதுகாப்பு இருந்தாலும், உரிமம் வாங்கிச் சுடும் துரைகளுக்கு விலங்கு குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதன் நோக்கம். உரிமம் வாங்கியவர் வேட்டைக்காரர்; வயிற்றுக்காகப் பிடித்தவர் திருடர். இந்தப் பாகுபாடு அன்று தொடங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும்; ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. அதற்கும் முன்பே 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்திருந்தது. 1911 சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஓரிடத்தில் நிலைத்து வாழாத சமூகம் என்றாலே சந்தேகம் என்ற பார்வை அரசின் எழுத்தில் ஏறியது. அந்தச் சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பார்வை ஒழியவில்லை.

ஜமீன்தார்களும் துரைகளும் வேட்டைக்குப் போகும்போது புதருக்குள் நுழைந்து தப்பு அடித்து, கூச்சலிட்டு, விலங்கை விரட்டி வெளியே கொண்டுவந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலிகளும் பழங்குடிகளும்தான். புலி திரும்பினால் முதலில் கிழிபடுவது அவர்கள் உடல். மேடையில் உட்கார்ந்து சுட்டவர் பெயர் புகைப்படத்தின் அடியில் எழுதப்பட்டது. அடித்த தப்புக்குப் பெயர் இல்லை. அரண்மனைச் சுவர்களில் இன்றும் தொங்கும் மான் கொம்புகளுக்குப் பின்னால் இந்தப் பெயரில்லாதவர்களின் கால்கள் இருக்கின்றன.

வேட்டைக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட், எட்டு வயதில் முதன்முதலாகப் பிடித்ததும் ஒரு பழைய வாய்வழித் துப்பாக்கிதான். இரட்டைக் குழலில் ஒன்று பழுதாகியிருந்த துப்பாக்கி அது. அந்தச் சிறுவனின் பழைய துப்பாக்கி ஒரு நல்ல புத்தகத்தின் தொடக்கமாயிற்று. நம் பெரியவரின் பழைய துப்பாக்கி ஒரு வழக்கின் தொடக்கமாயிற்று.

சட்டம் எழுதிய கணக்கு

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. இனப் பாகுபாடு அதில் இல்லை. ஆனால் ஒரு பிரிவை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். 13ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. அதாவது, நாட்டுத் துப்பாக்கியைச் சட்டம் முழுதாக வெறுக்கவில்லை. அதை வைத்திருக்க நியாயமான காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் காக்கப் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். நிலம் யாரிடம் இருக்கிறது?

வரப்பு ஓரத்தில் கூடாரம் போட்டு, ஊர்க்காரர் கூப்பிட்டால் வயலில் எலி பிடித்து, கடலைக்காட்டில் நரி விரட்டி, கூலியாக ஒரு படி தானியம் வாங்கியவர்களுக்கு நிலம் கிடையாது. பயிரைக் காத்தவர் அவர். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் நிலக்காரருக்கு. ஒரு சில நரிக்குறவர் குடும்பங்களுக்கு அக்காலத்தில் உரிமம் கிடைத்ததும் உண்டு. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்க அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, நிலையான முகவரி இல்லாத மனிதருக்கு அது எளிதல்ல. புதுப்பிக்காத உரிமம், உரிமம் இல்லாததற்குச் சமம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அழிந்துகொண்டிருந்த காட்டுயிர்களுக்கு இந்தச் சட்டம் தேவைப்பட்டது. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், பிடிக்க முயல்வதும் வேட்டைதான். 1991 வரை சட்டத்தில் வேட்டை உரிமம் வாங்கவும் வழி இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தோடு அதுவும் போயிற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைத் தொகையை உயர்த்தியது.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தபோது, காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்கிறோம் என்று அதன் முகவுரையிலேயே எழுதினார்கள். தேன் எடுக்கலாம், விறகு பொறுக்கலாம், மீன் பிடிக்கலாம், மேய்ச்சலுக்குப் போகலாம். மரபான உரிமைகள் பலவற்றை ஏற்ற அந்தச் சட்டம், வேட்டையாடுதல், கண்ணி வைத்தல் என்ற மரபுரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. காட்டுயிர் நோக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் வேட்டையையே தொழிலாகக் கொண்ட ஒரு சமூகத்திடம் "உன் தொழில் இனி இல்லை" என்று சொன்ன அரசு, அதற்கு ஈடாக என்ன தொழிலைக் கையில் கொடுத்தது? நூல் ஆலை மூடினால் தொழிலாளிக்கு இழப்பீடு பற்றிப் பேசுகிறோம். அணை கட்டினால் மறுகுடியமர்வு பற்றிப் பேசுகிறோம். வேட்டை மூடப்பட்டபோது வேட்டைக்காரரைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்று உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை. உரிமமின்றித் துப்பாக்கி செய்தாலோ விற்றாலோ 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை. கூரைக்குள் செருகிவைத்த தாத்தாவின் துருப்பிடித்த குழலும் இந்தக் கணக்கில் சேரும்.

வெறுங்கை மீதும் சந்தேகம்

குடியிருப்பில் நாம் பேசிய ஓர் இளைஞர், கோயம்பேட்டில் மொத்தமாகப் பிளாஸ்டிக் பொம்மை வாங்கித் திருவிழாக்களில் விற்கிறார். அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் பக்கத்து ஊரில் மயில் செத்துக் கிடந்தாலும், எங்கோ ஓர் இரவு வெடிச்சத்தம் கேட்டாலும், மறுநாள் காலையில் வண்டி அவர்கள் தெருவுக்குத்தான் வரும் என்கிறார். "சார், இப்ப வேட்டைக்குப் போறது யாருன்னு ஊருக்கே தெரியும். ஜீப்புல வர்றாங்க, நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு வர்றாங்க. அவங்க தெருவுக்கு வண்டி போறதில்ல."

இதே போன்ற சொற்களை நாம் காலனித் தெருக்களிலும் கேட்டிருக்கிறோம். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் தட்டப்படும் கதவு எது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கியையும் சாதியையும் பற்றிப் பேசும்போது இன்னொரு விதியையும் நாம் மறக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகளில் 3ஆவது விதி, வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் அரசு எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைச் சொல்கிறது. அங்கு பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்வது, சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்வது, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தற்காப்புக்காக உரிமம் வழங்குவது ஆகியவை அதில் உண்டு. ஒரு பகுதியில் யாருடைய கையில் எத்தனை உரிமத் துப்பாக்கிகள் இருக்கின்றன என்பது சாதிப் பிரச்சினையும்தான் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் யாரையும் துப்பாக்கி வாங்கச் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் அந்த விதியின் முதல் பாதி என்றாவது பயன்படுத்தப்பட்டதா என்று கேட்கச் சொல்கிறோம்.

பாம்பு பிடித்த கைகளுக்குக் கிடைத்தது

மாற்று வழி இல்லை என்று சொல்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தார்கள். 1972 சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. பட்டினி வந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கத்தில், அரசு அனுமதியோடு பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடியும் பாம்பைக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக் கடிக்கு மருத்துவமனையில் போடும் மருந்து தயாராவதற்கு அந்த விஷம் வேண்டும். நாட்டில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பதில் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பறவை பிடிப்பவர்களுக்கும் முன்னுதாரணம் உண்டு. பிகாரின் மிர்ஷிகார்கள் பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவற்றின் பயணத்தை ஆராய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அவர்களின் திறமையைத்தான் நம்பியது. இறகுகூட உதிராமல் பறவையைப் பிடிக்கும் வித்தை கல்லூரியில் கற்றுத் தரப்படுவதில்லை.

நம் பெரியவர், பேசிக்கொண்டிருக்கும்போதே தலையைத் தூக்காமல், குரலை மட்டும் கேட்டு மூன்று பறவைகளின் பெயரைச் சொன்னார். தமிழில் ஒரு பெயர், அவர்களுடைய வாக்ரி மொழியில் ஒரு பெயர். இந்த ஏரிக்கு முன்பு வந்து இப்போது வராமல் போன பறவைகளின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு வழிகாட்டியாக ஒரு நரிக்குறவர் பெரியவரைக் கூலி கொடுத்து அழைத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் இருக்கிறது. காட்டுப்பன்றியால் பயிர் அழிகிறது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடினார்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடுவார்கள் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. பன்றியின் தடம் பார்க்க, அது வரும் வழியைச் சொல்ல, அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடி வைத்து மாடும் குழந்தையும் சிதறாமல் தடுக்க, இந்தச் சமூகத்தின் அறிவைப் பயன்படுத்தலாமே? துப்பாக்கி வனத்துறையின் கையிலேயே இருக்கட்டும். தடம் பார்க்கும் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது

1965இலேயே லோகூர் குழு நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2008இல் தமிழக அரசு நரிக்குறவர் நல வாரியம் அமைத்தது. ஆனால் நாடாளுமன்றம் சட்டத் திருத்தத்தை நிறைவேற்ற 2022 டிசம்பர் வரை ஆனது. ஒரு பரிந்துரை நிறைவேற 57 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடத்தைப் பார்க்காமலே முதுமை அடைந்துவிட்டது.

ஆகவே வாசகர்களுக்கும் மாணவர்களுக்கும் சில செய்திகள். நரிக்குறவர், குருவிக்காரர் குடும்பப் பிள்ளைகளுக்கு இப்போது பழங்குடிச் சான்றிதழ் பெற உரிமை உண்டு. அதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். "எம்.பி.சி. என்றுதான் பழைய பதிவு இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினால், சட்டத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் யாருடைய காலத்துக் குழலாவது கிடந்தால், அதை ஒளித்துவைக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, கட்டாயம் ரசீது வாங்குங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். விசாரணைக்கு என்று யாரை அழைத்துப்போனாலும், எந்த நிலையம், எந்த வழக்கு, யார் அழைத்தது என்று எழுதிவையுங்கள். படித்த பிள்ளை ஒருவர் அந்த இடத்தில் நோட்டும் பேனாவுமாக நின்றாலே பாதி வம்பு குறையும்.

அந்தக் குடியிருப்பில் அப்படி ஒரு பெண் இருக்கிறார். பெரியவரின் பேத்தி. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறார். தாத்தா எங்களைச் 'சாமி' என்று கூப்பிட்டபோதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல், "தாத்தா, அவங்க சாமி இல்ல. சார்னு சொல்லு, இல்லனா தம்பின்னு சொல்லு" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நூறு வருசமா நாக்குல உக்காந்த வார்த்தை. துப்பாக்கியக் கொடுத்த மாதிரி ஸ்டேசன்ல கொடுத்துட்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

நாம் கிளம்பும்போது அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். "போய்ட்டு வா தம்பி" என்றார். பேத்தி சிரித்தார்.